கட்டைவிரல் மட்டும்

"விரல்ல வாசிக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

இருட்டுக்குள்ளிருந்து பாடகர் கத்தினார். கரண்ட் போய்விட்டது. மறுபடியும்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பேஸ் கிடார்க்காரி, தடித்த தந்திகளின் மேல் கையை வைத்தபடியே நின்றாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி நடக்கிற மாதிரி வாசிப்பாள். அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

பிளாஸ்டிக் பிக்கால் மீட்டியும் பார்த்துவிட்டாள். அதற்கும் கரண்ட் போனது. உள்ளங்கையைத் தந்தியில் சாய்த்து, கட்டைவிரலால் மட்டும் 'தொம்... தொம்' என்று அழுத்தினால் விளக்கு சமர்த்தாக எரிந்தது.

"எதிர் வீட்ல எல்லாம் லைட் எரியுதே சார்," என்றாள் ஜன்னலைப் பார்த்து.

"அதைத்தானே சொல்றேன்," என்றார் டிரம்ஸ்காரர். குரல் பாதிதான் வந்தது. "உனக்கு முன்னாடி வாசிச்சுச் செத்துப்போனவர் கட்டைவிரல்லதான் வாசிப்பார். இது அவர் வீடு, அவர் ரூம், அவர் கிடார். வேற மாதிரி வாசிச்சா அவருக்குப் பிடிக்கலை."

ஆளைப் பார்த்தால் மலை. பேச்சைக் கேட்டால் தொடைநடுங்கி.

"கட்டைவிரல்ல வேகமான பாட்டு வராது சார். கொப்புளம் வேற வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை மேடையில மானம் போயிடும்."

"அப்போ நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்," என்றார் பாடகர். "பேயோட எல்லாம் மல்லுக்கட்ட என்னால ஆகாது."

அவள் போன இடத்திலெல்லாம் 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பேஸ்?' என்று சிரித்து அனுப்பியிருந்தார்கள். இதுதான் முதல் மேடை. அதையும் செத்த மனுஷன் ஒருத்தர் தட்டிப் பறிப்பதா?

செல்போன் வெளிச்சத்தில் விடுவிடுவென்று படியிறங்கினாள். மெயின் சுவிட்ச் கீழ் வீட்டில் இருக்கிறது. அங்கே இருப்பது இறந்தவரின் வயசான அப்பாவும், மனைவியும்தான்.

கூடம் கும்மிருட்டு. வெளிச்சத்தை உயர்த்தினாள்.

சுவரோரம் ஒரு உருவம். இறந்தவரின் மனைவி. கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது.

"அக்கா! இத்தனை நாளா நீங்கதானா?"

அக்கா அசரவில்லை. பக்கத்து அறையைக் கண்ணால் காட்டினாள்.

உள்ளே கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. ஒரு கையைச் சுவரில் முழுசாகப் பதித்திருந்தார், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டப்போகிற மாதிரி.

"மாமாவுக்குக் காது சுத்தமாக் கேட்காது. தைரியமாப் பேசு," என்றாள் அக்கா. "பாட்டு பாட்டுன்னு திரியறானேன்னு மகனோட பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. இவர் கீழே, அவர் மேலே. ஆனா சாயங்காலம் ஆனா இந்தச் சுவத்துல கை வச்சு உக்காந்துடுவார். அவர் வாசிக்கிற அதிர்வு இவர் கைக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"இவர் நெஞ்சுவலியில ஆஸ்பத்திரியில கிடந்தப்போதான் என் வீட்டுக்காரர் திடீர்னு போனார். இவருக்கு அதிர்ச்சி கூடாதுன்னுட்டார் டாக்டர். அதனால இவரைப் பொறுத்தவரைக்கும் மகன் இன்னும் மேலே வாசிச்சுக்கிட்டுதான் இருக்கார். வேற மாதிரி வாசிச்சா இவர் கை கண்டுபிடிச்சுடும்."

"இதை எங்ககிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா, அழுதுக்கிட்டே யாராவது ஒருத்தர் வந்து துக்கம் விசாரிச்சுடுவீங்க. பேய்னா ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டீங்க."

அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "உங்க பொய்க்கு என் பிழைப்புதான் கிடைச்சுதா அக்கா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து பாடகர் குரல் கொடுத்தார். "கீழே என்னாச்சு? நாங்க இறங்கி வரட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம், பியூஸ்தான்! இதோ!" அவர்களைத் தடுக்க அக்கா படிப்பக்கம் ஓடினாள்.

கிடார்க்காரி பெரியவரின் அறைவாசலைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்தாள். சில்லென்று ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

பெரியவர் அவள் கையை மெல்லத் திருப்பினார். ஆள்காட்டி விரலின் நுனியைத் தடவினார். காய்த்திருந்தது. நடுவிரலும் அப்படியே. கட்டைவிரலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"கொப்புளம் போட்டிருக்கே," என்றார்.



"என் மகன் தாளத்துக்கு முன்னாடியே ஓடுவான். அவசரக்குடுக்கை. உலகத்தை விட்டுப் போறதுலயும் அவனுக்கு அவசரம்தான்." பெரியவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "நீ நிதானமா வாசிக்கிறே. முதல் நாளே கைக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவளுடைய இரண்டு விரல்களையும் தட்டிக் கொடுத்தார்.

"மேடையில உன் ரெண்டு விரலாலயே வாசி தாயி. அங்கே யாரும் விளக்கை அணைக்க மாட்டாங்க. இங்கே மட்டும் கட்டைவிரல்ல வாசிச்சுடு."

விளக்கு எரிந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெரியவர் சட்டென்று கையைச் சுவரில் பதித்தார், கண்ணை மூடினார், உதடு அசைவது தெரியாமல் முணுமுணுத்தார்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். என்னை உயிரோட வச்சிருக்கோம்ங்கற நினைப்புலதான் அந்தப் பொண்ணு உயிரோட நடமாடிக்கிட்டிருக்கா."