208-ஆம் மரத்தின் சொந்தம்

“இந்த வருஷமும் சொந்தம் ஒத்து வரலை, எராஸ்மோ” என்றார் தாவர ஆய்வாளர் டாக்டர் இவோனி, காலணிச் சேற்றைக் குச்சியால் சுரண்டியபடி.

சொந்தம் தேடியது 208-ஆம் எண் மரத்துக்கு. பார்வைக்கு அது மாமரத்தின் பங்காளி. மனவுஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் மரபணுவைப் படித்தால் அவரைக்குப் பங்காளி என்று வருகிறது. நாலு வருஷமாக இதே கூத்து.

“முப்பது வருஷமா மரம் ஏறுறேன், டாக்டரம்மா. மரம் பொய் சொல்லாது. உங்க மெஷினைப் பாருங்க.”

மெஷின் பேரில் ஒரு குற்றமும் இல்லை. மரத்தின் உச்சியில் அவரை இனத்துக் கொடி ஒன்று பின்னிக் கிடந்தது. முதல் வருஷம் எராஸ்மோ தெரியாமல் கொடியின் இலையைப் பறித்துவிட்டார். மரம் ஏறுகிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தவறுதான். அடுத்த மூன்று வருஷமும் தெரிந்தே பறித்தார்.

சொந்தம் தெரிந்துவிட்டால் டாக்டருக்கு இந்தக் காட்டில் வேலை இல்லை. மனைவி போனதிலிருந்து எராஸ்மோவின் பலகை வீட்டில் வானொலி மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறது. வருஷத்தில் டாக்டர் வரும் பத்து நாள்தான் அவர் இரண்டு பேருக்கு மீன் சுடுவார்.

வழியில் எந்த இலை கிடைத்தாலும் கசக்கி முகர்கிற டாக்டர், எராஸ்மோ உச்சியிலிருந்து கொண்டுவரும் பையை மட்டும் திறக்காமலே பெட்டியில் வைப்பார். தன்மேல் அத்தனை நம்பிக்கையா என்று எராஸ்மோவுக்கு மனசு குறுகுறுக்கும்.

“எப்ப கிளம்பணும் டாக்டரம்மா?” அன்றிரவு சாப்பிடும்போது எராஸ்மோ கேட்டார்.

“என்ன அவசரம்? அங்க எனக்காக யாரு காத்திருக்கா?” டாக்டர் மரவள்ளி மாவை மீன்மேல் தூவினார். “போன மாச ஆராய்ச்சிக் கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சு, உங்க மாமரத்துல அவரைக்காய் எத்தனை கிலோ காய்ச்சதுன்னு கேக்கறான். மொத்தக் கூட்டமும் சிரிக்குது.”

எராஸ்மோ தட்டைத் தள்ளிவைத்தார். அவமானம் டாக்டருக்கு, காரணம் எராஸ்மோ.

மறுநாள் காலை, காலில் கயிற்று வளையம் மாட்டி ஏறினார். கொடியை விலக்கிவிட்டு, மரத்தின் கிளையிலிருந்தே ஒரு கொத்தை ஒடித்தார். இறங்க வெகு நேரம் பிடித்தது. இனி அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை.

பையில் போடாமல் கொத்தை அப்படியே நீட்டினார்.

“இந்தத் தடவை ஒத்து வரும், டாக்டரம்மா.”

டாக்டர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். பச்சை மாங்காய் வாசம் எராஸ்மோ வரைக்கும் வந்தது. டாக்டர் அண்ணாந்து அந்தக் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொத்தை எராஸ்மோவின் கையிலேயே திருப்பி வைத்தார்.

“இது வேணாம், எராஸ்மோ. எப்பவும் குடுக்கிற இலையையே குடுங்க.”