கொளஞ்சியப்பன் கொண்டுவந்த சேதி

"அய்யாசாமி சாரா? இப்பத்தாங்க பார்த்துட்டு வரேன். மைன்ஸ் கேண்டீன்ல ஜம்முனு உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்காரு!"

வாசலில் நின்று கொளஞ்சியப்பன் சொன்னபோது கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து புயல் மழை. முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டிய பஸ், நாலரையாகியும் வரவில்லை. வழியெல்லாம் மரம் விழுந்துவிட்டது, சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க ஆளுக்கொரு பேச்சு. டெலிபோன் செத்துக் கிடந்தது. கணவர் அய்யாசாமியைப் பற்றி ஒரு சேதியும் இல்லாமல் அவள் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இந்த மனுஷன் டீக்கதை சொல்கிறார்.

"நீங்க எப்ப மைன்ஸுக்குப் போனீங்க? காலையில இருந்து தண்ணி டேங்க் ரூம்லதானே இருந்தீங்க? ஜன்னல்ல பார்த்துட்டுதானே இருக்கேன்!"

"நடுவுல ஒரு நடை போயிட்டு வந்தேங்க."

"ரோடே அடைச்சுக் கிடக்குதாம். பறந்து போனீங்களா?"

"அது வந்து... குறுக்கு வழிங்கம்மா."

தலையைச் சொறிந்துகொண்டே அடுத்த வீட்டுப் பக்கம் நழுவிவிட்டார்.

கொளஞ்சியப்பன் பக்கத்தூர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். பிளாக்குக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. ஆனால் குழாயைவிட வாயைத்தான் அதிகம் திறப்பார். அடுத்த மாதம் எல்லா குவார்ட்டர்ஸுக்கும் மாடி எடுக்கப் போகிறார்கள் என்பார். சுரங்கத்தில் மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரன் அதை நிறுத்தத் தெரியாமல் முழித்தபோது தாம்தான் வழி சொன்னதாகச் சொல்வார். அதெல்லாம் மெய்யா பொய்யா என்று அவரே ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார். கேட்கிறவர் முகம் மலர்ந்தால் அவருக்குப் போதும்.

கமலா நேர் எதிர். பாயசம் வாயில் வைக்க விளங்காவிட்டால் வைத்தவரிடமே சொல்லிவிடுவாள். வரன் விசாரிக்க வருகிறவர்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டிவிடக் கூடாதே என்று அக்கம்பக்கத்தில் சாமியை வேண்டிக்கொள்வார்கள்.

அடுத்த வீட்டில் கொளஞ்சியப்பன் குரல் கேட்டது.

"தமயந்தியம்மா, உங்க வூட்டுக்காரரும் அங்கதாங்க இருக்காரு. 'அவ சாப்ட்டாளான்னு பாத்துட்டு வா'ன்னு என்னாண்ட சொல்லி அனுப்பனாரு."

"நெஜமாவா அண்ணே?"

தமயந்திக்கு இது எட்டாவது மாதம். காலையிலிருந்து அழுதபடி பட்டினி கிடந்த பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டுக்கொள்ள உள்ளே போனாள்.

கமலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவரோ வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்காரர் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறாராம். இன்னொருவர் யாருடைய மழைக்கோட்டையோ போட்டுக்கொண்டு சிரிக்கிறாராம். கடைசி வீட்டையும் முடித்துவிட்டு, அவர் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றபோதுதான் கமலாவால் எட்டிப் பிடிக்க முடிந்தது.

"ஏங்க, புள்ளைத்தாச்சிகிட்டயா இப்படி அளக்கறது? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க?"

அவர் தலைத்துண்டை எடுத்துப் பிழிந்தார்.

"உங்களுக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிடுவீங்க. சொந்த ஆளு உள்ள இருந்தாத்தானே அந்த வேதனை தெரியும்!"

அவர் நனைந்தபடி பஸ் வர வேண்டிய ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பையனும் உள்ளதாங்க இருக்கான்" என்றார் மெதுவாக. "போன வாரந்தான் கான்ட்ராக்ட்ல சேத்துவுட்டேன். வேணாம்ப்பான்னான். நாந்தான் கேக்கல."

கமலா அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டாள்.

"எல்லார் வூட்லயும் சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு நானே சொல்லிப் பாத்தேங்கம்மா. எடுபட மாட்டேங்குது."

கமலாவுக்கு அழுகை முட்டியது. பொய்யென்று தெரிந்தும், இவர் 'ஜம்முனு உக்காந்து' என்று சொன்ன அந்த ஒரு நொடி கணவர் முகம் கண்முன் வந்ததும், பகலெல்லாம் இறுகிக் கிடந்த நெஞ்சு லேசானதும் நிஜம்தானே? தன் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாமல், அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரு நொடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்வதை விட்டுவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தோமே என்று கூனிக் குறுகிப்போனாள்.

இருட்டுவதற்குள் பஸ் வந்து சேர்ந்தது, ஒருவர் மேலும் ஒரு கீறல்கூட இல்லை என்பது வேறு விஷயம். அப்போது அது யாருக்குத் தெரியும்?

கமலா குடையை அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பழக்கமில்லாத வேலை அல்லவா!

"பையன் பேரு என்ன?"

"கண்ணையனுங்க."

"அட, கண்ணையனா? அவனை நான் பார்த்தேனே! எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். அவர் துண்டைக் குடுத்து, தலையைத் துவட்டிக்கோடான்னு அதட்டிட்டிருக்கார். 'எங்கப்பா தேடுவாரே'ன்னு சொல்லிட்டே துவட்டிக்கிறான்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

ஊருக்கே அளக்கிறவருக்கு இது தெரியாதா என்ன? அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"இன்னொருவாட்டி சொல்லுங்கம்மா."