துளைவிளிம்பு

ரஷ்யாவின் புது நினைவு அஞ்சல்தலைத் தாளை மரகதவல்லியும் தேவசகாயமும் சேர்ந்துதான் வாங்கினார்கள். ஒட்டியிருப்பதைப் பிரிக்க அஞ்சல்தலை சேர்ப்பவர்களுக்குச் சாமானியமாக மனம் வராது, இவர்களுக்கு வந்தது. "ஊரெல்லாம் உங்களுக்கு, கைவேலையெல்லாம் எனக்கு சார்" என்று அவள் சொல்ல, துளை வரிசையில் மடித்து நிதானமாகக் கிழித்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். லேஸ் பின்னும் பெண் அவளுக்கு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு வலப்பக்கம் அச்சாகியிருந்த பனி விழும் நகரம் அவருக்குப் போயிற்று.

சில நாள் கழித்து லென்ஸில் பார்த்தபோது, குனிந்திருந்த பெண்ணின் மடியிலிருந்த லேஸ் வலது ஓரம்வரை நீண்டிருந்தது. முதலிலேயே இப்படித்தான் இருந்ததோ என்று மரகதவல்லிக்குச் சந்தேகம். மறுநாள் துளைவிளிம்பையும் தாண்டி, ஆல்பத்தின் கறுப்புத் தாள்மேல் ஒரு வெள்ளை நூல் கிடந்தது. ஊதிப் பார்த்தாள். ஆடியது, விலகவில்லை. தேவசகாயத்துக்குப் போன் செய்தாள்.

"சார், உங்க ஊரோட இடது ஓரத்த லென்ஸ் வச்சுப் பாருங்க."

"அதத்தாம்மா பாத்துட்டிருக்கேன். அந்தக் கடைசி வீட்டு ஜன்னல் மூடித்தானே இருந்துச்சு?"

"ஆமா. இப்ப?"

"தொறந்திருக்கு. ஒருத்தன் கைய வெளிய நீட்டிட்டு நிக்கறான்."

"கையில என்ன சார்?"

"ஒண்ணும் இல்லம்மா, வெறுங்கைதான்." லென்ஸை இன்னும் அருகில் பிடித்து, "விரல்ல பனி ஏறிட்டிருக்கு" என்றார்.

மூடினால் நூல் அறுந்துவிடுமோ என்று ஆல்பத்தை விரித்தபடியே இரண்டு கைகளிலும் ஏந்தி, தேவசகாயம் வீட்டுக்குப் பஸ் ஏறிய மரகதவல்லி, காற்றடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.