சம்பந்தி வீட்டு மேஜை விரிப்பு

"இந்தப் பூவேலை யார் பண்ணது?" என்று பையனின் அப்பா கேட்டதும், "நான்தான்" என்று சொல்லிவிட்டாள் பெண்ணின் அம்மா.

வாய் முந்திக்கொண்டு வந்த பொய். போன வாரம் கடைத்தெருவில் வாங்கிய மேஜை விரிப்பு அது. பக்கத்தில் இருந்த அவள் கணவருக்கு டீ புரையேறியது.

பிள்ளைகள் ரெண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். பையன் வீட்டார் எழுந்து போவதற்குள் சரி என்று ஒரு வார்த்தை வந்தாக வேண்டும். அதற்காகத்தான் புது விரிப்பு, பக்கத்து வீட்டு இரவல் கோப்பைகள், எல்லாம்.

"பலே. சங்கிலித் தையல், முடிச்சுத் தையல், எல்லாம் நம்ம பக்கத்து வேலையாச்சே. எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரு... மூணு நாள்."

"மூணு நாளா?" அவர் புருவம் ஏறியது. "இருநூறு பூ இருக்கும் போலிருக்கே."

"வேற வேலையே பார்க்கலை."

கணவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் ஒரு வார்த்தை கை கொடுக்கக் கூடாதா?

"தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பொய் மட்டும் ஆகாது. பொய் சொல்ற வீட்ல சம்பந்தம் வெச்சுக்க மாட்டேன்" என்றவர், மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயே பார்த்துச் சொல்லு. ஆனா, இவளுக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுப் பொம்பளைங்க உழைச்சுச் சம்பாதிக்கணும்னு தலையெழுத்தா? முப்பது வருஷமா இவளை ராணி மாதிரி வெச்சிருக்கேன்."

அந்த ராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். விரிப்பின் ஓரத்தைப் புரட்டி, அடிப்பக்கத்தை விரலால் தடவினாள்.

பெண்ணின் அம்மா மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு. சொந்தப் பொண்ணு வாழ்க்கையில என் கையாலயே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!

"முடிச்சுக்கு ஊசியில நூலை எத்தனை சுத்து சுத்தினீங்க?" என்று கேட்டாள் பையனின் அம்மா.

"மூணு... இல்ல, ரெண்டு."

"ரெண்டுதான். சரியாச் சொல்றீங்க."

"என்ன, கடைச் சரக்கா?" என்றார் பையனின் அப்பா.

"கையால போட்டதுதாங்க. சத்தியமே பண்ணுவேன்" என்றாள் அவர் மனைவி.

"அப்ப சரி. கல்யாணப் பேச்சை ஆரம்பிச்சுடலாம்."

பெண்ணின் அம்மா கோப்பைகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே பையனின் அம்மாவும் வந்தாள்.

"என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க, சம்பந்தியம்மா." கண்ணே கலங்கிவிட்டது இவளுக்கு. "அது கடையில வாங்கினதுதான். எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது. உங்களைப் பொய்ச் சத்தியம் பண்ண வெச்சுட்டேன்."

"நான் எங்கே பொய் சொன்னேன்?"

சம்பந்தியம்மா கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்து வீட்ல கேட்டு ஊசியும் பச்சை நூலும் வாங்கிட்டு வாங்க. அதுல ஒரு இலைக்குக் காம்பு போடலை. அன்னைக்கு வாசல்ல கடைக்காரர் வந்து நிக்கிறார், இவர் ஆபீஸ்லேருந்து வர்ற நேரம் வேற. எங்கே பார்த்துடுவாரோன்னு அப்படியே சுருட்டிக் கொடுத்துட்டேன்."