மாவில் ஷூ தடம்

கோழிக்கூண்டைச் சுற்றி சாயங்காலம் தூவி வைத்த மாவில், காலையில் ஒரு ஷூ தடம்.

"பாத்தீங்களா? எல்லாம் அந்த நர்ஸ் வேலைதான்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் மனைவி.

கணவன் பல் தேய்த்துக்கொண்டே குனிந்து பார்த்தான். மாவு தூவச் சொன்னதே அவன்தான். வந்து போவது பெருச்சாளியா, சுண்டெலியா என்று காலடியை வைத்துச் சொல்லிவிடலாமாம். ஷூ தடத்துக்குப் பக்கத்தில் தையல் போட்ட மாதிரி பொடிப்பொடியாய் வேறு தடங்கள்.

"சுண்டெலிதான். புழுக்கையும் சீரகம் சைஸுக்குத்தான் இருக்கு."

"நான் நர்ஸைப் பத்திப் பேசுறேன், நீங்க புழுக்கையைப் பத்திப் பேசுறீங்க."

"எதுவா இருந்தா என்ன? நேத்து அரிசி டப்பாக்குள்ளயே ஒண்ணு குதிக்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள எலி போகணும். இல்லேன்னா கோழி போகும். சொல்லிட்டேன்."

கோழிகள் எல்லாம் அவள் குஞ்சிலிருந்து வளர்த்தவை. மத்தியான வெயிலில் அவள் படியில் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வந்து மடியில் ஒண்டிக்கொள்ளும். அவையும் தூங்கும், இவளும் தூங்குவாள். அந்தச் சுகத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

நர்ஸ் பக்கத்துப் போர்ஷன். பின்கட்டு முற்றம் இரண்டு வீட்டுக்கும் பொது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, கோழிகளையே வெறித்துப் பார்ப்பாள். ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. கோழிச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது, அதான் கறுவுகிறாள் என்று இவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அந்த மூஞ்சியே கண்ணில் படக்கூடாது என்று, ஜன்னல் பக்கம் கூண்டின் கூரையிலிருந்து தரை வரைக்கும் சாக்கை மடித்துத் தைத்து ஒரு படுதாவும் கட்டியாயிற்று.

இப்போது எலியை வேறு உள்ளே விடுகிறாளா? இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

மறுநாள் விடிகிற நேரம். முற்றம் முழுக்கப் பனி. கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தவளுக்கு, தூக்கத்தில் இருக்கிறோமா, விழித்திருக்கிறோமா என்றே நிச்சயமில்லை. வெள்ளை உடையில் ஒரு உருவம் பனிக்குள்ளிருந்து வந்து, கூண்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டது.

"என்ன பண்றீங்க இங்க?"

நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். வலைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடுக்கில் அதைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"இதை எலி கடிக்காதுக்கா. விரல் நுழையற ஓட்டை போதும், சுண்டெலி உள்ள போயிடும். தினம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிட்டு வர்றேன். ஆனா எங்கேருந்துதான் வருதுன்னு தெரியல."

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"எலி போகலேன்னா கோழியைக் குடுத்துடணும்னு சார் சொல்லிட்டே இருக்காரே. ஜன்னல் வழியா காதுல விழுது."

"குடுத்துட்டா உங்களுக்கு நல்லதுதானே. நிம்மதியாத் தூங்கலாம்."

கூண்டுக்குள் ஒரு கோழி அரைத் தூக்கத்தில் மெதுவாக முனகியது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

"ராத்திரி முழுக்க வார்டுல மெஷின் சத்தம்க்கா. வீட்டுக்கு வந்து படுத்தாலும் அதேதான் காதுக்குள்ள கேக்குது. உங்க கோழிங்க காலையில தங்களுக்குள்ள ஏதோ பேசிக்குமே, அதைக் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு சொருகும்."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறீங்களே" என்ற நர்ஸ், கொஞ்சம் தயங்கி, "தப்பா எடுத்துக்கலேன்னா ஒண்ணு கேக்கவா? அந்தப் படுதாவைக் கட்டினதுலேருந்து பாதிச் சத்தம்தான் வருது. எடுத்துட்டீங்கன்னா..." என்றாள்.

அவள் உடனே போய்ப் படுதாவின் முடிச்சை அவிழ்த்தாள்.

சாக்கு மடிப்புக்குள்ளிருந்து சுண்டெலிகள் குடும்பம் குடும்பமாகக் கீழே விழுந்து ஓடின.