முதல் மீன் விழட்டும்

"மூச்சு விடாதே! மீனுக்குக் கேட்கும்" என்றார் அதிகாரி.

உதவியாளர் மூச்சை அடக்கிக்கொண்டார். காலை ஆறு மணியிலிருந்து அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார், மூச்சை மட்டுமல்ல.

ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார் அதிகாரி. பதினான்கு பை வைத்த மேல்சட்டை, அகலத் தொப்பி, புத்தம்புதுத் தூண்டில். மீன் ஒன்றைத் தவிர ஒரு மீன்பிடிப்பவருக்கு வேண்டிய சகலமும் அவரிடம் இருந்தன. பக்கத்தில் குடை பிடித்தபடி நின்ற உதவியாளரின் சட்டைப்பையில் இருந்தது ஒரே ஒரு இடமாறுதல் விண்ணப்பம். அதைக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். அதிகாரியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"முதல் மீன் விழட்டும். மனசு குளிர்ந்து போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார் அதிகாரி. அவர் அதைச் சொல்லி இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை.

"மீன் பிடிக்கிறதும் நிர்வாகமும் ஒண்ணுப்பா."

"எப்படி சார்?"

"ரெண்டுலயும் மேல இருக்கிறவன் அசையக் கூடாது."

உண்மைதான். பதினோரு வருடமாக அவர் அசைந்து உதவியாளர் பார்த்ததில்லை.

நாற்பதடி தள்ளி, கிழிந்த பனியன்காரர் ஒருவர் வெறும் மூங்கில் குச்சியால் நிமிடத்துக்கொரு மீனை இழுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை வாளி 'சளப்' என்னும்போதும் உதவியாளரின் வயிறு எரிந்தது.

"சார், அவருக்கு மட்டும் விழுதே?"

"அதெல்லாம் விவரம் கெட்ட மீன். நமக்கு வேண்டியது தரமான மீன்."

"நான் ஒரு தடவை புழு மாத்திப் பார்க்கட்டுமா சார்?"

"தொடாதே! கைராசி போயிடும்." தூண்டிலைத் தயார் செய்யும்போதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்வார் அதிகாரி. தொழில் ரகசியமாம்.

கைப்பேசி அதிர்ந்தது. எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் மனைவி.

"கையெழுத்து போட்டாச்சா?"

"இன்னும் மீன் விழலை" என்று கிசுகிசுத்தார் உதவியாளர்.

"என்னது?"

"அப்புறம் சொல்றேன்."

"அப்புறம் அப்புறம்னே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. இங்க உங்க பொண்ணு எல்லார்கிட்டயும் தன் அப்பா இந்த ஃபோனுக்குள்ள இருக்கார்னு சொல்லிட்டுத் திரியறா." பட்டென்று வைத்துவிட்டாள்.

அதிகாரி தண்ணீரில் மிதந்த தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஆமா, நாளைக்கு மீட்டிங்ல நான் என்ன பேசறேன்?"

"ரெண்டு பக்கம் எழுதி உங்க பையில வச்சிருக்கேன் சார்."

"எங்கெங்க சிரிக்கணும்?"

"அடிக்கோடு போட்டிருக்கேன் சார்."

மதியம் மூன்று மணி. தக்கை, அலுவலகக் கடிகாரத்தைப் போல அசையாமல் நின்றது. நாளெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததன் விளைவாக, அதிகாரி எழுந்து புதர்ப்பக்கம் ஒதுங்கினார்.

இனி பொறுக்க முடியாது. உதவியாளர் குடையைப் போட்டுவிட்டுப் பனியன்காரரிடம் ஓடினார்.

"அண்ணே, உயிரோட ஒரு மீன் குடுங்க. சீக்கிரம்!"

"குழம்புக்கா, வறுவலுக்கா?"

"கையெழுத்துக்கு!"

துள்ளும் கெண்டையை ஒரு கையில் பிடித்தபடி திரும்பி ஓடி வந்து, மறு கையால் தூண்டில் நரம்பை மளமளவென்று இழுத்தார். தூண்டில் முள்ளில் மீனைக் கோத்து மறுபடி தண்ணீரில் விட்டுவிட்டால், மிச்சத்தை அதிகாரி இழுத்துக்கொள்வார்.

தக்கை வந்தது. ஈயக்குண்டு வந்தது. அதோடு நரம்பு முடிந்துபோனது.

முள்ளைக் காணோம்.

மீன் கடித்து அறுத்துவிட்டதோ? கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அறுந்த அடையாளமே இல்லை. நரம்பின் நுனி ஈயக்குண்டோடு மூன்று முடிச்சுப் போட்டு அழகாகக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்து டப்பாவில் காலையில் வாங்கிய மண்புழுக்கள் ஒன்றுகூடக் குறையாமல் நெளிந்துகொண்டிருந்தன.

பின்னால் செருமல் கேட்டது. அதிகாரி நின்றுகொண்டிருந்தார். உதவியாளரின் ஒரு கையில் விலைக்கு வாங்கிய மீன், மறு கையில் முள் இல்லாத தூண்டில். இந்த நிலையில் யார் யாரிடம் விளக்கம் கேட்பது என்று எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இல்லை.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக உதவியாளரின் குரல் உயர்ந்தது. "என்ன சார் இது? நாலு வாரமா முள்ளே இல்லாமயா? என் பொண்ணு முகத்தை நேர்ல பார்த்து எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? நான் உங்களுக்கு என்ன சார் துரோகம் பண்ணேன்?"

மீன் கை நழுவித் தண்ணீருக்குள் போனது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாத மனிதர் பாதியாகத் தெரிந்தார். கையை நீட்டினார். உதவியாளர் விண்ணப்பத்தை எடுத்து அதில் வைத்தார்.

பேனாவைத் திறந்தார் அதிகாரி. காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. கடைசியில் தலையை நிமிர்த்தினார், கண் கலங்கியிருந்தது.

"நீ போயிட்டா, எங்க கையெழுத்து போடணும்னு நான் யாரைப்பா கேட்பேன்?"