கண்ணுக்கு லேசர்

"எதுக்கும்மா ஆஸ்பத்திரி?" என்று மாமியார் கேட்டதும், "கண்ணுக்கு லேசர் வைக்கறாங்க, அத்தை" என்று மருமகள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறது, அதற்குத்தான் லேசர் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அன்றிலிருந்து மாமியார் அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. "கண்ணுக்கு வைத்தியம் பாக்கறப்போ பாரம் தூக்கக் கூடாது" என்று ஈரத்துணி வாளியைப் பிடுங்கிக்கொண்டு தானே மொட்டைமாடிக்கு ஏறினாள்.

மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மாமியாரைத்தான், ஒரு விசேஷத்துக்கும் வராமல் வீட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கும் சிடுமூஞ்சி என்று தங்கையிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், வாளியோடு ஏறிய மாமியாரை மாடிப்படியில் மறித்தாள்.

"அத்தை, பொய் சொல்லிட்டேன். லேசர் கண்ணுக்கு இல்ல."

"தெரியும்" என்றாள் மாமியார். "கண்ணு சரியில்லாதவ தும்மல் வந்தா காலைப் பின்னிக்கிட்டா நிப்பா?"

மாமியார் வாளியைப் படியில் இறக்கி வைத்தாள்.

"உன் புருஷன் பொறந்ததுலேர்ந்து நானும் அப்படித்தான் நிக்கறேன். இதை வச்சுக்கிட்டு எந்தக் கல்யாணத்துல போய் உக்கார்றது?"

மருமகள் அந்த வாளியைப் பார்த்தாள். எத்தனை நாள் அத்தையை இதைத் தூக்க விட்டுவிட்டு, வெறுங்கையோடு நின்றிருக்கிறாள்! கைப்பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பாதிப் படியில் மாமியார் மூச்சு வாங்க நின்றாள்.

"அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ. என் பையன் கேட்டா, எனக்கும் கண்ணுன்னு சொல்லிக்கலாம்."